சித்தி தண்ணீர் குடிக்காத மழைக்காலம்

நம் வயதுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் கண் முதலில் எதைத் தேடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணமேடையையும் அல்ல, பந்தியையும் அல்ல. பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் எதிரில் வருகிறவளின் புடவைக் கரையே நமக்குத் தெரியும். போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் மருமகள் இதைக் கவனித்துவிட்டு, வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லையே என்று சிரித்தாள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. இடம் தெரிந்தால் போதும், அவ்வளவுதான். அதை அவளுக்கு விளங்க வைக்க என்னால் முடியவில்லை. உங்களுக்கு விளங்கும். அதனால் என் சித்தியைப் பற்றி உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெருவில் இருந்தோம். முன்கூடத்தில் அப்பாவுக்கு ஒரு தறி, அப்பாவின் தம்பி சித்தப்பாவுக்கு ஒரு தறி. அதைத் தாண்டினால் ஒரு அறை, சமையலறை. பின்னால் இருந்த முற்றம் மூன்று வீட்டுக்குப் பொது. அதில் நாள் முழுவதும் ஆண்கள் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருப்பார்கள். குளிக்கிற மூலைக்கு ஒரு தட்டி மறைப்பு உண்டு. ஆனால் அதற்கு மேல்தான் நூல் காயும். பட்டு இருக்கிற இடத்தில் அந்தக் காரியம் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கக்கூஸ் என்கிற பேச்சே எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இல்லை.

ஆண்கள் நினைத்த நேரத்தில் சொம்பை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போவார்கள். பெண்களுக்கு விடிவதற்கு முன் ஒரு பொழுது. அதை விட்டால் மறுநாள் அதே பொழுது. இடையில் முடியவில்லை என்றால், ஆண்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத் தெருக் கோடியில் இடிந்து கிடந்த ஒரு மதிலுக்குப் பின்னால் இரண்டு இரண்டு பேராக ஓடிவிட்டு வர வேண்டும்.

விடியற்காலைப் போக்குக்குக் கடைசி வீட்டு அக்காதான் தலைவி. எட்டுப் பத்துப் பேர் அவள் வாசலில் கூடுவோம். எல்லார் கையிலும் சொம்பு இருக்கும். என் கையில் மட்டும் டால்டா டப்பா. ஓரத்தில் துளை போட்டுக் கம்பி கட்டி அம்மா எனக்கென்று செய்து கொடுத்தது. அரிக்கேன் விளக்கு ஒன்றே ஒன்று. தறியின் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாசனை தெருவைத் தாண்டும்வரை கூட வரும். பிறகு வேகவதி ஆற்று மணலின் ஈர வாசனை. ஆற்றங்கரையில் வேலிக்காத்தான் முள் புதராக மண்டிக் கிடக்கும். ஆளுக்கொரு புதர். ஆளுக்கு ஆள் முதுகு காட்டி உட்காருவோம். ஆனால் பேச்சு நிற்காது. பேசிக்கொண்டே இருந்தால் பாம்பு வராது, ஆம்பிளையும் வரமாட்டான் என்பாள் அக்கா.

அந்தப் பேச்சை என்னவென்று சொல்வேன்? மாமியார், மாதவிலக்கு, வராத தீபாவளிப் புடவை, புருஷன் தூக்கத்தில் உளறியது எல்லாம் இருட்டில் புதருக்குப் புதர் தாவும். பகலில் தலை நிமிராத பெண்கள் அங்கே வாய்விட்டுச் சிரிப்பார்கள். என் அம்மா ஒருத்தரைப் போல நடித்துக் காட்டுவாள் என்பதே எனக்கு அங்கேதான் தெரியும். வீட்டில் அப்படி ஒரு அம்மாவை நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. சித்தி மெட்ராஸ் பெண். வண்ணாரப்பேட்டையில் ஐந்து குடித்தனம் இருந்த வீட்டில் பிறந்தவள். ஐந்து குடித்தனத்துக்கும் ஒரே கக்கூஸ்தான். காலையில் வாளியோடு வரிசை நிற்குமாம். ஆனாலும் அதற்குக் கதவு இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது என்று சித்தி என்னிடம் சொன்னாள். தாழ்ப்பாள் என்று சொல்லும்போது விரலால் அதைப் போட்டுக் காட்டினாள்.

எனக்குச் சித்தியைப் பார்த்த நாளிலேயே பிடித்துவிட்டது. தாயம் ஆடும்போது அழகாகத் திருடுவாள். பிடித்துவிட்டால் கழுத்தில் கை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரிப்பாள். கடல் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, என் காதைத் தன் வயிற்றில் வைத்துக் கேட்கச் சொன்னாள். பசியில் உறுமியது. இதுதான் கடல் என்றாள். அப்போது நானும் சிரித்தேன். அது ஏன் அப்படி உறுமியது என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் விடியலில் எங்களோடு வந்தவள், போன மாதிரியே திரும்பி வந்தாள். நான் மட்டும் கவனித்தேன். மறுநாள் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். நான் அவளுக்கு முதுகு காட்டி, பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நின்றேன். அப்படியும் பாதி நாள் முடியாமல் எழுந்துவிடுவாள். "வரலை பாப்பா. யாரோ பாத்துக்கினே இருக்கற மாதிரி இருக்குது" என்பாள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

கடைத்தெருவுக்குப் பின்னால் பொதுக் கக்கூஸ் ஒன்று இருக்கிறதென்று அம்மா அவளை ஒரு நாள் அங்கேயும் கூட்டிப் போனாள். நாலு தடுப்பு, ஒன்றுக்கும் கதவில்லை, தண்ணீரில்லை. காலை வைக்க இடமில்லாமல் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். அம்மா அன்றைக்குத் தலைக்குக் குளித்தாள்.

அதற்குப் பிறகு சித்தி தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு தண்ணீரைக் குறைத்தாள். அம்மா கொடுக்கிற மோரைக் கையில் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். நான் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உதடு வெடித்துத் தோலுரிந்தபோது வெண்ணெய் தடவிக்கொண்டாள்.

மெட்ராஸ்காரிக்கு நம் வீட்டுச் சோறு இறங்கவில்லை என்று அம்மா முடிவு கட்டினாள். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டாள். வெல்ல அடை தட்டினாள், மிளகு போட்டு இட்லி ஊற்றினாள், ரசத்தைத் தெளிய வைத்துப் பார்த்தாள். சித்தி எல்லாவற்றையும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் அக்கா என்று எழுந்துவிடுவாள். அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போகும். இப்போது நினைத்தால், ஒருத்தியை ஒருத்தி நேசித்துக்கொண்டே இப்படித் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்களே என்று இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வேகவதியில் தண்ணீர் வந்து முள்புதர் எல்லாம் முழுகிவிட்டது. தறிக்குக் கீழே கால் போட்டு உட்காரும் பள்ளத்தில் ஊற்றெடுத்துத் தறி நின்றது. வேலை இல்லாமல் ஆண்கள் பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்தார்கள். பெண்களுக்கு இடிந்த மதிலும் இல்லாமல் போனது. விடியலில் செங்கல்பட்டுச் சாலையின் ஓரச் சரிவுக்குத்தான் போக முடிந்தது. அங்கே மறைவென்று பேருக்கு நாலு புளியமரம். சாலையில் வெளிச்சம் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், அது போனதும் உட்கார வேண்டும். அப்படித்தானே எல்லா ஊரிலும்? உங்களுக்கும் கால் மூட்டில் அந்த நினைவு இருக்கும்.

ஒரு நாள் நல்ல மழை. கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போனோம். சித்தி அப்போதுதான் உட்கார்ந்தாள். முதல் பஸ் வந்தது. எழுந்து நின்றோம். வழக்கமாகக் கடந்து போய்விடும் பஸ், எங்களுக்கு நேராக வந்ததும் சேற்றில் சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. விளக்கை அணைக்கவில்லை. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். நாங்கள் பத்துப் பெண்கள் வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு மழையில் வரிசையாக நின்றோம். யாரோ ஏதோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. சித்தி என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த இடம் மூன்று நாள் வலித்தது. பஸ் போனபோது பொழுது விடிந்துவிட்டது. யாரும் எதுவும் பேசாமல் வீட்டுக்கு நடந்தோம். அப்படிப் பேச்சில்லாமல் நாங்கள் திரும்பியது அன்று ஒரு நாள்தான்.

அதன் பிறகு சித்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாள். பிறகு அதுவும் இல்லை. தண்ணீரைத் தொடுவதே இல்லை. ஒரு காலையில் ராட்டை முன்னால் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். வாந்தி எடுத்தாள். நாள் வேறு தள்ளிப் போயிருந்தது. அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சித்தி முழுகாமல் இருக்கிறாள் என்று முகமெல்லாம் பூரித்துப்போனது. சோறு இறங்காத காரணம் கடைசியில் கிடைத்துவிட்டதல்லவா? தெருவில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தாள். மெட்ராஸுக்குக் கார்டு போனது. சித்தப்பா வேலையில்லாத தறியில் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சித்தியே ஒருவேளை இருக்குமோ என்று நம்பினாள் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

நாலாம் நாள் குளிர் ஜுரம் வந்தது. பல் கிட்டித்துக்கொள்ளும் அளவுக்கு உதறியது. இடுப்பு உடைந்துபோகிற வலி என்று முனகினாள். பிள்ளைப்பேறு பார்க்கிற நர்ஸம்மா பக்கத்துத் தெருவில் இருந்தார். அம்மா ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், இடுப்பை அழுத்தினார், சித்தி அலறினாள். கடைசியாக எப்போது நீர் பிரிந்தது என்று கேட்டார். சித்தி முனகிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரியவில்லை. நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார்.

"உனுக்குத் தெரியுமா?"

சத்தியம் பண்ணிய கை உள்ளே சுட்டது. ஆனால் அந்த அலறலைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. "சித்தி தண்ணியே குடிக்காது. குடிச்சா போவணும்னு குடிக்காது" என்றேன். மோர், செடி, பஸ் எல்லாம் சொல்லிவிட்டேன். சித்தியின் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

நர்ஸம்மா அம்மாவைத் தனியே அழைத்துப் போய், இது பிள்ளை இல்லை, அடக்கி அடக்கி உள்ளே புண்ணாகியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளே தங்கியிருக்க மாட்டாள் என்றார். ஊசி போட்டார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து சித்தியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

மறுநாள் மத்தியானம் சித்தியின் அப்பா வந்தார். கார்டு பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு கையில் அதிரசத் தூக்கு, இன்னொரு கையில் வளையல் பொட்டலம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு கழற்றினார். அவரிடம் விஷயத்தைச் சொல்ல அப்பாவுக்கும் வாய் வரவில்லை, சித்தப்பாவுக்கும் வரவில்லை. அம்மாதான் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெண்ணின் தலைமாட்டில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

"எம் பொண்ணு தண்ணி குடிக்கப் பயந்துக்கினு இருந்த வீட்ல நான் அவள உட முடியாதும்மா" என்றார் அம்மாவிடம்.

இரண்டு நாளில் ஜுரம் கொஞ்சம் இறங்கியது. காலையில் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. நான் சித்தப்பாவின் தறிப்பள்ளத்துக்குள் இறங்கி ஒளிந்துகொண்டேன். கணுக்காலுக்கு மேல் குளிர்ந்த தண்ணீர். சத்தியத்தை மீறியவள் எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பேன்? சித்தி என்னைக் கூப்பிட்டாள். பாப்பா, பாப்பா என்று பலவீனமான குரலில் மறுபடி மறுபடி கூப்பிட்டாள். மூன்று முழத் தூரத்தில் அவள் நின்றிருந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டிக்காரர் நேரமாகிறது என்றார். கொஞ்சம் இருங்க என்றாள் சித்தி. பிறகு வண்டி போகிற சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் அப்பா, தெருவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், எல்லாரும்தான் போகிறார்கள், இவள் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவளா, நெசவாளி வீட்டுக்கு ஏற்ற பெண் இல்லை என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்தினாள்.

"பதிமூணு வருசமா நானும் சாயங்காலத்துல தண்ணி குடிக்கறதில்லீங்க" என்றாள். "இந்தப் பொண்ணு உங்க வீட்ல பொறந்தன்னிக்கும் அப்படித்தான் போனேன், வந்தேன். அது நோவுன்னு எனக்கே தெரியாம பூடுச்சி."

அம்மா மறுபடி ராட்டையைச் சுற்றினாள். நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு மேலே சுற்றினாள். வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவள் இல்லை அம்மா. தனக்குப் பழகிப்போனதை அவளால் அடுத்தவளிடம் பார்க்க முடியவில்லை. இது எனக்கு விளங்க நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

சித்தப்பா இரண்டு தடவை மெட்ராஸ் போய் அழைத்துப் பார்த்தார். அனுப்பவில்லை. தை மாதம் அங்கேயே ஒரு புடவைக் கடையில் வேலை தேடிக்கொண்டு சித்தியோடு இருக்கப் போய்விட்டார். வீட்டில் ஒரு தறி மட்டும் சத்தம் போட்டது.

அதே மாதம் அம்மா முற்றத்துக்கு அப்பால் விழுந்து கிடந்த மாட்டுக்கொட்டகையைக் காலி செய்ய ஆரம்பித்தாள். எடுப்புக் கக்கூஸ்தான் என்றால் தினம் அள்ளிக்கொண்டு போக ஆள் வைக்க வேண்டுமே என்று அப்பா கேட்டார். கோயில் பக்கத்துப் பெரிய வீடுகளின் பின்சந்தில், ஒரு அம்மாள் காலையில் கூடையோடு போவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர் வரும்போது சந்தில் போகிறவர்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள், நான் உட்பட. நம் வீட்டதை இன்னொருத்தி தலையில் ஏற்ற மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். நர்ஸம்மாவைக் கேட்டு வந்து, ஆழமாகக் குழி வெட்டி உறை இறக்கி மேலே சிமெண்ட் பலகை போட வைத்தாள். கதவுக்கு ஆசாரி உள்ளேயும் தாழ்ப்பாள் வைத்தார்.

கட்டி முடித்துப் பத்து நாள் யாரும் உள்ளே போகவில்லை. பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில், முற்றத்தில் சாயம் போட்டுக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் பார்க்க, அம்மா சொம்போடு நடந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள், காலைக் கழுவினாள், சமையலறைக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு விடியற்காலையில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. சும்மா பேச்சுக் கேட்கலாமே என்று நான் ஒரு நாள் கடைசி வீட்டு அக்கா வாசலுக்குப் போய் நின்றேன். "உங்க வூட்லதான் இருக்குதே பாப்பா, உனுக்கு இன்னாத்துக்கு" என்றாள். மனத்தில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. விளக்கு தெருவைத் தாண்டிப் போனதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அம்மா பிறகு ஒருத்தரைப் போல நடித்து நான் பார்க்கவில்லை. அந்த முள்ளும் நாற்றமும் பயமும் யாருக்கும் வேண்டாம். அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் எனக்கு வேண்டும். அதைத் தனியே பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?

ஆறு வருஷம் கழித்து வைகாசி கருட சேவைக்குச் சித்தி வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் ஒரு பையன். உடம்பு பூசியிருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரெல்லாம் கூட்டம். கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் தவித்ததைப் பார்த்து அம்மா பின்கதவைத் திறந்து வைத்திருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் வந்து வரிசையாக நின்றார்கள். சித்தியும் நானும் அவர்களுக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கேட்டேன். சத்தியத்தை மீறி நர்ஸம்மாவிடம் எல்லாம் சொன்னதற்கு என் மேல் கோபமா என்று.

சித்தி கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீதான் சொன்னியா?" என்றாள். "எனக்கு அன்னிக்கு யாரு வந்தாங்க, போனாங்கன்னே தெரியாது பாப்பா. கூப்டக் கூப்ட நீ வெளிய வரலியே, அதான். இந்தப் புள்ளைக்கும் என்னப் பாத்தா அருவருப்பாப் பூடுச்சின்னு நெனச்சிக்கினே போனேன். வேலூர் தங்கச்சி வூட்டுக்குப் போறப்பல்லாம் இந்த ஊரத் தாண்டித்தான் போவேன். எறங்கத் தோணவே இல்ல."

தறிப்பள்ளத்தில் நின்றதை, ஒவ்வொரு கூப்பிடலையும் கேட்டதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற ஒரு கிராமத்து அம்மாள், தண்ணீர் வருமா வராதா என்று கேட்டாள். சித்தி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, கயிற்றின் ஒரு பக்கத்தை என் கையில் கொடுத்தாள். இருவருமாகச் சேர்ந்து இழுத்தோம்.